நின்ற இடத்தில் உழக்கிய சைக்கிள்

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு பெரிய மட்டைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சண்டை ஓய்ந்து, பாதைகள் திறந்து, சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கியிருந்த காலம். மட்டை கிழிந்ததும் புது றப்பரும் கிறீஸும் கலந்த வாசனை நடைபாதைக்கு வந்தது. மூக்கு அறியுமுன் என் இடது முழங்கால் அதை அறிந்துகொண்டது. அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன ராத்தா, மகனுக்கு எடுக்கப் போறீங்களா? நல்ல சைக்கிள்" என்றார் கடைக்காரர்.

"இல்ல, சும்மா பாக்கிறன்."

பார்த்தேன். சில்லுகள் இன்னும் பூட்டப்படவில்லை. சட்டமும் ஆசனமும் இரண்டு மிதிகளும் மட்டும். சில்லில்லாத சைக்கிளைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். என் வாழ்க்கையில் நான் ஓட்டியதெல்லாம் நின்ற இடத்தை விட்டு நகராத சைக்கிள்தான்.

மடங்காத முழங்காலோடு ஆசுபத்திரிக்குப் போகிற யாருக்காவது உதவும் என்று இதை எழுதுகிறேன். பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என்ன நடக்கும் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சுனாமியில் கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் என் மாப்பிள்ளையுடைய சைக்கிளின் பின் கரியரில் இருந்தேன். மருதமுனையில் எங்கள் வயதுப் பெண்கள் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் அல்லர். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் எங்கே போனாலும் அவருக்குப் பின்னால், இரண்டு கால்களையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு, ஒரு கையால் கரியர்க் கம்பியைப் பிடித்தபடி போனவள். அன்றும் அப்படித்தான். சத்தம் கேட்டது, அவர் திரும்பிப் பார்த்தார், வேகமாக உழக்கினார். அதற்குப் பிறகு தண்ணீருக்குள் ஒரு மரமோ மதிலோ என் முழங்காலில் அடித்தது. அவரை அன்று பின்னேரமே எடுத்து அடக்கிவிட்டார்களாம். நான் பார்க்கவில்லை. அப்போது நான் கடலிலிருந்து உள்ளே தள்ளிய ஆசுபத்திரி ஒன்றில், வாட்டு நிறைந்து வராந்தாவில் போட்ட பாயில் கிடந்தேன்.

அழுகை வரவில்லை. இன்றுவரை அதைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பல்லுக்கு ஊசி போட்டபின் கன்னம் இருக்கிறது என்று கையால் தொட்டுத்தான் அறிகிறோமே, அதுபோல நான் என்னைத் தொட்டுத் தொட்டு இருக்கிறேன் என்று அறிந்துகொண்டேன்.

முழங்கால் சிரட்டை வெடித்திருந்தது, அதற்குக் கீழ் எலும்பின் தலைப்பகுதியும் பிளந்திருந்தது. தொடையிலிருந்து கணுக்கால்வரை பிளாஸ்டர் போட்டார்கள். கட்டில் கிடைத்த அன்றே என் தங்கச்சி ஜெஸீமா வந்து சேர்ந்தாள். வந்தவள் முதல் வேலையாகத் தன் சேலையொன்றை என் கட்டிலைச் சுற்றிக் கட்டினாள். நான் விதவை. இத்தா தொடங்கிவிட்டது. புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் ஒதுங்கி இருக்கும் காலம் அது. வீடு இல்லாதவளுக்கு அந்தச் சேலைதான் வீடு.

தாதி வந்து சத்தம் போட்டா. "இதக் கழட்டுங்க, டொக்டர் ரவுண்ட்ஸ் வாறார்."

"அவ இத்தால இரிக்கா மிஸ். ஆம்புளயள் பாக்க ஏலா" என்றாள் ஜெஸீமா.

"டொக்டர் காலத்தானே பாக்கப் போறார்?"

"அப்ப கால மட்டும் வெளிய வெக்கிறன்."

வைத்தாள். சேலைக்கு வெளியே என் வெள்ளைப் பிளாஸ்டர்க் கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்க, டொக்டர் அதனோடு கதைத்தார். விரலை அசை என்றார், அசைத்தேன். நோகிறதா என்றார், சேலைக்குள்ளிருந்து இல்லை என்றேன். பக்கத்துக் கட்டில் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது துணியினூடே கேட்டது. அத்தனை சாவுக்கு நடுவில் யாரோ சிரித்தார்கள் என்பது நினைவில் நிற்கிறது.

பிளாஸ்டரை வெட்டியபோது உள்ளே இருந்த கால் என்னுடையதாக இல்லை. மெலிந்து, தோல் உரிந்து, வேகவைத்த கிழங்குபோல. கிழமைக்கு ஒரு தடவை உடற்பயிற்சிக்கு வரவேண்டும் என்று எழுதித் தந்தார்கள். ஜெஸீமா அந்தத் துண்டுச் சீட்டை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "இத்தா முடியட்டும், கூட்டி வாறன்" என்று என்னைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். வரிப்பத்தான்சேனையில் அவள் மாப்பிள்ளைக்கு வயல். கடலின் சத்தம் எட்டாத ஊர். உள்ளறையொன்றில் வெள்ளை உடுத்து, கால் நீட்டி, தலையணைமேல் வைத்துக் கிடந்தேன். நீட்டியே வைத்திருந்தால் நோவதில்லை. நோகாதது நல்லது என்று எல்லோரும் நினைத்தோம். அவள் நேரத்துக்குக் கஞ்சி தந்தாள், தலை வாரிவிட்டாள், யார் வந்தாலும் வாசலிலேயே மறித்துப் பேசி அனுப்பினாள். அத்தனையும் அன்புதான். அந்த அன்புக்குள் என் மூட்டு மெதுவாகப் பூட்டிக்கொண்டது.

இத்தா முடிந்து, குளித்து, உடுப்பு மாற்றி ஆசுபத்திரிக்குப் போனோம். பிசியோ மிஸ் இளம் பெண், மட்டக்களப்புப் பக்கம். இரண்டு கை வைத்த அடிமட்டம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாமானை என் காலில் பிடித்துப் பார்த்தா. முழங்கால் எத்தனை பாகை மடிகிறது என்று அளக்கிற கருவி அது. மறுபடியும் பிடித்துப் பார்த்தா.

"இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க?"

"இத்தால" என்றாள் ஜெஸீமா.

மிஸ் கருவியை மடித்து வைத்தா. எங்களைப் பெரிய டொக்டரிடம் அனுப்பினா. மாதத்தில் சில நாட்கள் மட்டும் வருகிற சிங்கள டொக்டர் அவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து அவர் சொன்னதை மிஸ் தமிழில் சொன்னா. எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் அசையாமல் கிடந்ததில் மூட்டுக்குள் இருக்கும் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன, ஈரத்தோடு மடித்து வைத்த துணி காய்ந்து ஒட்டுவதுபோல. பயிற்சியில் பிரிந்தால் நல்லது. அடுத்தமுறை அவர் பார்க்கும்போது பிரிந்திருக்காவிட்டால் கொழும்புக்கு அனுப்புவார். அங்கே மயக்கி, பலவந்தமாக மடிப்பார்கள். அதில் பொருந்திய எலும்பு மறுபடி வெடிக்கவும் கூடும்.

"கொழும்புக்கா?" என்று ஜெஸீமாதான் கேட்டாள். எனக்கு எந்த ஊரும் ஒன்றுதான்.

அன்று பின்னேரம் அவள் தன் மாப்பிள்ளையை அனுப்பிப் பள்ளிவாசல் மௌலவியிடம் விசாரித்தாள். மறுமொழி வந்தபின் என் அறைவாசலில் வந்து நின்றாள்.

"போயிரிக்கலாமாம் ராத்தா."

"எங்க?"

"ஆசுபத்திரிக்கு. இத்தால இரிந்தாலும் மருந்துக்குப் போகலாமாம். யாரு தடுத்த எண்டு கேட்டாராம் அவரு. நான் ஒருத்தர்கிட்டயும் கேக்கல்ல ராத்தா. எனக்குத் தெரியுமெண்டு நெனச்சன்."

நானும் கேட்கவில்லை. எனக்கு அந்த அறை வசதியாக இருந்தது. அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். "பசிக்கிது" என்றேன். அவள் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து என் முழங்கால் என்னைவிட அவளுக்குச் சொந்தமாகிப்போனது.

மிஸ் பயிற்சிக்காக நடத்திய சைக்கிள் வகுப்பின் அறை முன்பு சாமான் அறையாக இருந்தது. கடல் வந்தபின் வெளிநாடுகளிலிருந்து பெட்டி பெட்டியாக உதவி வந்ததே, அதில் எங்கள் வெயிலுக்கு உதவாத தடித்த கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவே இந்த உடற்பயிற்சி சைக்கிள்களும் வந்திருந்தன. இவற்றை யார் கேட்டது, யார் அனுப்பியது என்று ஒருவருக்கும் தெரியாது. மிஸ் அவற்றைக் கண்டுபிடித்து எடுத்து வைத்துக்கொண்டா. செவ்வாய்க்கிழமை காலை பெண்களுக்கு. கதவைச் சாத்தி, யன்னலுக்குத் திரை போட்டு, உள்ளே போய் அபாயாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சல்வாரோடு ஏறவேண்டும். புது றப்பரும் கிறீஸும் மணக்கும் அறை. சைக்கிளுக்குச் சில்லு இல்லை. முன்னால் ஒரு கனமான இரும்புத் தட்டு மட்டும் மிதிக்கு மிதி சுழலும்.

"ஏறுங்க" என்றா மிஸ்.

ஜெஸீமா தாங்கிப் பிடிக்க, ஒரு ஸ்டூலில் கால் வைத்து ஏறினேன். ஏறி, இரண்டு கால்களையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு, பின்னால் கையை நீட்டி ஒரு கம்பியைத் தேடினேன். கம்பி இல்லை. மற்றச் சைக்கிள்களில் இருந்த பெண்கள் மிதிப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

பிறகு சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தா. மூலைச் சைக்கிளில் இருந்த ஒரு பெண்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினா. பாண்டிருப்பு யோகம்மா அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூப்பு. வீட்டுச் சுவர் விழுந்து அவ முழங்காலும் என்னுடையதைப்போலவே ஆகியிருந்தது.

"புள்ள" என்றா, "அது ஆம்புளைக்குப் பின்னால போற இருப்பு. இதுல முன்னுக்கு ஒருத்தரும் இல்ல. நீதான் உழக்கோணும்."

ஜெஸீமாவின் பிடி என் முழங்கையில் இறுகியது. நான் திரும்பி, ஒரு காலைத் தூக்கி மறுபக்கம் போட்டு, நேராக இருந்தேன். இரண்டு கால்களுக்கு நடுவில் ஆசனம். முன்னால் யாருடைய முதுகும் இல்லை. சுவர் இருந்தது. சுவரில் பல்லி.

உழக்குவது என்று சொல்கிறேனே தவிர, முதல் கிழமைகளில் நான் உழக்கவில்லை. மடங்காத முழங்காலால் மிதியை முழுவட்டம் சுற்ற முடியாது. மேலே வரும்போது முட்டிக்கொண்டு நின்றுவிடும். அதனால் ஆசனத்தை உயர்த்தி வைப்பார்கள். ஆசனம் உயர்ந்தால் கால் குறைவாக மடிந்தால் போதும். முன்னால் பாதி, பின்னால் பாதி என்று ஊஞ்சல்போல ஆட்டவேண்டும். முட்டும் இடத்தில் கொஞ்சம் நின்று, மூச்சை விட்டு, இன்னும் கொஞ்சம். அந்த இன்னும் கொஞ்சத்தில் கண்ணில் பூச்சி பறக்கும். நோவை நான் தூரத்திலிருந்து பார்த்தேன், அடுத்த வளவில் யாரோ அரிசி இடிப்பதைக் கேட்பதுபோல. முகத்தில் வியர்வை வழிந்தது. ஜெஸீமா துடைத்தாள். பல்லைக் கடித்தவள் அவள்தான்.

"அடிச்சி மடக்காதீங்க, கேட்டு மடக்குங்க" என்பா மிஸ். "வட்டம் வந்தாக் கொழும்பு வேணாம்."

யோகம்மா அக்கா முன்பு வயலுக்குச் சைக்கிளிலேயே போய்வந்தவ. அவவுக்கு நின்ற இடத்தில் ஆட்டுவது பெரிய அவமானம். அதனால் போகிற மாதிரி ஒரு கதை கட்டிக்கொண்டா.

"இந்தா நான் சம்மாந்துறை தாண்டிட்டன். வீரமுனைக் கோயிலடி. நீ எங்க புள்ள நிக்காய்?"

"இஞ்சதான்."

"இஞ்சயெண்டா?"

"ஆசுபத்திரில."

"அட, காத்துப் போயிட்டா ஒனக்கு? பம்ப் அடிக்கட்டா?"

மற்றப் பெண்கள் தங்கள் தங்கள் ஊர்களைச் சொன்னார்கள். கடற்கரைப் பக்கம் மட்டும் ஒருவரும் போகவில்லை. ஒருநாள் ஒரு பெண் தவறுதலாக, "நான் மருதமுனைக் கடற்கரைக்கு வந்துட்டன்" என்றபோது மிதிகளின் சத்தம் எல்லாம் ஒன்றாக நின்றது. யோகம்மா அக்காதான் அதட்டினா. "அங்க என்ன இரிக்கெண்டு போறாய்? கிறுகித் திரும்பி வா." அவவின் மகள் அந்தக் கரையில்தான் கடலோடு போனாள். அதை அவ ஒரேயொரு தடவை சொன்னா, மிதிக்குள் செருகிய பாதப் பட்டியைச் சரிசெய்தபடி, வேறு யாரோ ஒருத்தியின் மகளைப் பற்றிப்போல. எங்கள் இரண்டு பேருக்கும் அந்த மரத்த குரல் ஒரே கடையில் வாங்கியது.

பிறகு ஹர்த்தால்கள் வந்தன. எங்கோ யாரையோ சுடுவார்கள், பாதை பூட்டும், முச்சக்கரவண்டிக்காரர் வரமாட்டார். தமிழ் ஊர் வழியாக நாங்களோ முஸ்லிம் ஊர் வழியாக அவர்களோ போக முடியாத நாட்கள். செவ்வாய்க்கிழமைகள் வீணாகின. விட்டால் முழங்கால் உடனே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அது எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஜெஸீமா பைத்தியக்காரிபோல ஆனாள். ஒரு காலை தன் மாப்பிள்ளையிடம் ஏதோ சொன்னாள். அவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் லேடீஸ் சைக்கிளை இரவல் வாங்கி, நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் கொண்டுவந்து, டபுள் ஸ்டாண்டில் நிறுத்தினார். பின்சில்லு நிலத்தைத் தொடாமல் நின்றது. ஆசனத்தை எட்டுமட்டும் உயர்த்தினார். இருபுறமும் மூட்டைகளை நகர்த்தி முட்டுக் கொடுத்தார். பிறகு நான் வருமுன் வெளியே போய்க் கதவுக்கு அப்பால் நின்றுகொண்டார்.

"ஏறிட்டாவா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"ஏறிட்டா. நீங்க உள்ள வராதீங்க."

"நான் வரல்ல. ஹேண்டில இறுக்கிப் புடி. முன்சில்லு கிறுகும்."

"புடிச்சித்தான் இரிக்கன். நீங்க போய் வயலப் பாருங்க."

அவர் போகவில்லை. அவ்வப்போது செருமுவது கேட்டது. நெல் தூசியில் எனக்குத் தும்மல் வந்தது. பெண்கள் சைக்கிள் ஓட்டாத வீட்டின் உள்ளறையில், கதவைப் பூட்டி, தங்கச்சி முன்னால் நின்று ஹேண்டிலைப் பிடிக்க, நான் முன்னும் பின்னும் ஆட்டினேன். தினமும் காலையில், வெயில் ஏறுமுன். அவள் ஆசனத்தை விரலளவு விரலளவாக இறக்கினாள். பின்னேரத்தில் தேங்காய் எண்ணெய் சூடாக்கி முழங்காலில் தேய்த்தாள். தேய்க்கும்போது ஏதாவது ஓதினாள். நான் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வட்டம் பின்னாலேதான் முதலில் வரும் என்று மிஸ் சொல்லியிருந்தா. முன்பக்கம் சுற்றுவதைவிடப் பின்பக்கம் சுற்றுவது முழங்காலுக்குச் சுலபம். ஒரு காலை அப்படி வந்தது. மேலே முட்டி நின்ற மிதி, கொஞ்சம் நடுங்கி, உள்ளே ஒரு நூல் அறுந்ததுபோலச் சுள்ளென்று நொந்து, தாண்டிப்போனது. பின்சில்லின் அச்சில் டிக் டிக் டிக் என்று சத்தம் ஓடியது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

ஜெஸீமா ஹேண்டிலில் நெற்றியை வைத்து அழுதாள். தோள் குலுங்குகிற அழுகை. கதவுக்கு வெளியே, "என்ன, விழுந்துட்டாவா?" என்று பதறினார் அவள் மாப்பிள்ளை.

"இல்ல" என்றேன் நான். "சுத்துது."

எனக்குள் ஏதாவது வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆனால் நிறுத்தவும் இல்லை. அவள் அழுது முடியும்வரை பின்னால் பின்னால் உழக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்தச் சத்தம் வேண்டும்போல இருந்தது.

பெரிய டொக்டர் வந்த நாளில் வராந்தா வாங்குப் பலகையில் யோகம்மா அக்காவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஹர்த்தால் நாட்களில் அவவுக்கு உழக்கச் சைக்கிள் இல்லை. வீடு விழுந்தபின் அவ இருந்தது அகதி முகாமில் ஒரு கொட்டிலில். காலை நீட்டிப் படுக்கவே இடமில்லை என்றா. என் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். டொக்டர் என் காலை மடித்தார், நீட்டினார், பிளாஸ்டிக் சாமானை வைத்துப் பார்த்தார், தலையாட்டினார். கொழும்பு வேண்டாம். ஜெஸீமா அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொல்ல, அவரும் சிரித்தார்.

வெளியே வருமுன் ஜெஸீமா மிஸ்ஸிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். தொழும்போது நெற்றியைத் தரையில் வைக்கிற சுஜூதுக்கு, குதிகாலில் அமர்கிற இருப்புக்கு, இந்தக் கால் மடியுமா என்று. டொக்டர் என் முழங்காலில் கையை வைத்தபடி யோசித்தார். நடக்கலாம், படி ஏறலாம், சைக்கிள்கூட ஓட்டலாம் என்றார். அவ்வளவு மடிப்பு வராது. காலைத் தொங்கவிட்டுக் கதிரையில் இருந்து தொழச் சொன்னார். ஜெஸீமாவின் முகம் விழுந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன். கடல் வந்தபின் நானாக ஒருவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று அவள் பிறகு சொன்னாள்.

யோகம்மா அக்கா உள்ளே போய் அதிக நேரம் எடுக்கவில்லை. கையில் கொழும்புக்கான துண்டோடு வந்தா.

"வட்டம் வந்துட்டாமே ஒனக்கு? மிஸ் சொன்னா."

"ஓம் அக்கா. பின்னுக்குத்தான் முதல்ல வந்த."

"எப்பிடியோ வந்ததுதானே." துண்டை ரவிக்கைக்குள் செருகினா. "என்னய மயக்கி வெச்சி மடக்கப் போறானுகள். முழிச்சாத்தான் தெரியும், கால் இரிக்கா, எலும்பு இரிக்கா எண்டு."

"பயமா அக்கா?"

"வருகுதில்ல புள்ள. பயப்பட்டாலாவது நல்லாரிக்கும்."

ஜெஸீமா முச்சக்கரவண்டிக்காரரோடு நின்று கையைக் காட்டினாள். பாதை எப்போது பூட்டும் என்று தெரியாத நாட்கள், எழும்பித்தான் ஆகவேண்டும். என்ன சொல்வது என்று தெரியவில்லை. எனக்குச் சொல்லத் தெரிந்ததைச் சொன்னேன்.

"உங்களுக்காகத் துஆக் கேக்கிறன் அக்கா. எனக்கு இனிக் கதிரையில இருந்துதான் கேக்க ஏலும்."

அவ என் முழங்காலில் இரண்டு தடவை தட்டினா, குழந்தைக்குத் தட்டுவதுபோல.

"கதிரையில இருந்தே கேளு புள்ள. தரையில விழுந்து கிடந்து கேட்டு நான் என்னத்தக் கண்டன்? ஆனாக் கேளு. விட்டுடாத."